வெத்தலை அடக்கும் கன்னம்: ஒரு ஏற்பியின் வரலாறு

(ஒலிபரப்பான பேச்சு, வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

கடலூர் ஓ.டி.யில எங்க ஆயா வீட்டுத் திண்ணையில ஒரு சின்ன இரும்பு உரல் இருக்கும். பல்லு போன பிறகு வெத்தலை, கொட்டப்பாக்கு, சுண்ணாம்பு எல்லாத்தையும் அதுல போட்டு இடிப்பாங்க. கடைசியா ஒரு கிள்ளு பொயிலை. இடிச்சதை உருட்டி இடது கன்னத்துல அடக்கிக்குவாங்க. வலது பக்கம் ஒருநாளும் வச்சுப் பாத்ததில்ல. பல வருஷம் கழிச்சு அதே இடது கன்னத்துல, அதே இடத்துலதான் புண்ணு வந்துச்சு.

வெத்தலை அடக்குற இடத்துலதான் புத்து வருதுன்னு டாக்டர்கள் கண்டுபிடிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. ஆனா அந்த இடத்துச் செல்லுக்குள்ள என்ன நடக்குதுங்கிறது ரொம்பப் பின்னாடிதான் புரிஞ்சுது. அப்படிப் புரிய வச்ச ஒரு புரதத்தோட வரலாறைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன். அதுல நம்ம சிதம்பரத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல டாக்டர்களைப் பாத்துடுவோம். 1902-ல ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழ்ல நிப்லாக் என்கிற மருத்துவர் சென்னையில பார்த்த புற்றுநோயாளிகளைப் பத்தி எழுதுறார். கன்னத்துப் புற்றையும் வெற்றிலை மெல்லும் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்த ஆரம்பக் கட்டுரைகள்ல அது ஒண்ணு. அடுத்து நெய்யூர். இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம், அன்னிக்குத் திருவிதாங்கூர். அங்க இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில, 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப்போன அதே சோமர்வெல் அறுவை மருத்துவரா இருந்தார். வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ரேடியம் வச்சு வைத்தியம் பார்த்தார். அதே நெய்யூர் அனுபவத்தை வச்சு ஆர் என்கிற மருத்துவர் 1933-ல ‘லான்செட்’ இதழ்ல திருவிதாங்கூர் வெற்றிலைக்காரர்களோட வாய்ப்புற்று பத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1954-ல அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்குது. 1959-ல டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்கள் பத்தி பிரிட்டிஷ் புற்றுநோய் இதழ்ல எழுதுறாங்க. ஆக, 1960 வாக்குல ‘எதனால’ என்கிற கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட தெரிஞ்சுபோச்சு. ‘எப்படி’ என்கிறதுதான் தெரியல.

அந்த ‘எப்படி’க்கான நூல் எங்கேயிருந்து கிடைச்சுது தெரியுமா? குட்டி எலியோட கண்ணிமையிலிருந்து.

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ரீட்டா லெவி-மோண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தாங்க. அதுக்காக எலியோட தாடைக்குக் கீழ இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பியை அரைச்சு, அந்தச் சாறை அப்பப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியா போட்டாங்க. எலிக்குட்டி சாதாரணமா 12, 14 நாள்ல கண்ணு தொறக்கும். ஊசி போட்டதெல்லாம் ஏழு நாள்லயே தொறந்துடுச்சு. பல்லும் சீக்கிரமா முளைச்சுது. வேற ஆளா இருந்தா, ‘சாறு சுத்தமா இல்ல போல’ன்னு விட்டிருப்பாங்க. கோஹன் விடல. 1962-ல அந்தப் புரதத்தைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டேன்னு கட்டுரை போட்டார். தோலையும் சவ்வையும் வளரச் சொல்ற ஒரு சமிக்ஞைப் புரதம் அது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி, சுருக்கமா இ.ஜி.எஃப். 1986-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அந்தப் புரதம் முதல்ல கிடைச்சது உமிழ்நீர்ச் சுரப்பியில. நம்ம எச்சில்லயும் அது இருக்கு. நாக்கைக் கடிச்சுக்கிட்டா ரெண்டு மூணு நாள்ல ஆறிடுது, கையில பட்ட காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதுக்கு இருக்கிற பல காரணங்கள்ல இந்த எச்சில் புரதமும் ஒண்ணு. நாய் காயத்தை நக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு யாராவது எழுதிக் கேட்பீங்க. அந்தக் கதையை இன்னொரு நாள் பாத்துக்கலாம்.

சமிக்ஞை இருக்குன்னா அதை வாங்கிக்கிற ஒண்ணு செல்லுல இருந்தாகணும் இல்லையா? அதுதான் ஏற்பி. 1970-களோட நடுவுல கோஹனும் கிரஹாம் கார்ப்பென்டரும் அதைத் தேடிப் பிடிச்சாங்க. இ.ஜி.எஃப்.-ஐ வாங்குற ஏற்பிங்கிறதால பேரு இ.ஜி.எஃப்.ஆர். செல்லோட மேல்சவ்வுல ஊசியை நட்டு வச்ச மாதிரி நிக்கும். ஒரு முனை வெளியே, ஒரு முனை உள்ளே. வெளி முனையில வளர்ச்சிக் காரணி வந்து உட்கார்ந்ததும் ரெண்டு ஏற்பி ஜோடி சேரும். சேர்ந்ததும் உள்முனை முடுக்கிவிட்ட மாதிரி ஆகும். 1980-ல தெரிஞ்சது என்னன்னா, அந்த உள்முனையே ஒரு நொதி, டைரோசின் கைனேஸ். அது அடுத்தடுத்த புரதங்கள் மேல பாஸ்பேட்டை ஒட்டி, ‘பிரி, வளரு, சாகாதே’ன்னு செய்தியைக் கருவறைக்கு, அதாவது நியூக்ளியசுக்கு அனுப்பும். வாசல்ல இருக்கிற காலிங் பெல் மாதிரின்னு வச்சுக்கோங்க. யாராவது அழுத்தினா அடிக்கணும், கையை எடுத்தா நிக்கணும்.

1984-ல ஒரு அதிர்ச்சி. கோழிகளுக்கு ரத்தப்புற்று உண்டாக்குற ஒரு வைரஸ் இருக்கு. அதுல உள்ள புற்று ஜீனைப் படிச்சுப் பார்த்தா, அது இதே ஏற்பியோட வெட்டுப்பட்ட நகல்! வெளி முனையே இல்லாத ஏற்பி. யாரும் அழுத்தாமலே அடிச்சுக்கிட்டே இருக்கிற பெல். காயத்தை ஆத்துற இயந்திரமும் புற்றை வளர்க்குற இயந்திரமும் ஒண்ணுதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுது.

வாய்ப்புற்றுல என்ன நடக்குதுன்னா, பெரும்பாலும் பெல் உடையிறதில்ல. ஒரே வாசல்ல நூறு பெல் மாட்டி வச்ச மாதிரி ஏற்பிகளோட எண்ணிக்கை எகிறிடும். தலை, கழுத்துப் புற்றுகள்ல பத்துக்கு எட்டு ஒன்பதுல இது கூடுதலா இருக்கு. போதாததுக்கு, புற்றுச்செல்லே வளர்ச்சிக் காரணியைத் தயாரிச்சு, தன் பெல்லைத் தானே அழுத்திக்கும். 1993-ல ஜெனிஃபர் கிராண்டிஸும் டுவீர்டியும் காட்டினது எனக்கு இதுவரைக்கும் மறக்கல. நோயாளியோட கட்டியில மட்டுமில்ல, கட்டிக்குப் பக்கத்துல பார்வைக்கு நல்லா இருக்கிற சதையிலயும் இந்த ஏற்பியோட செய்தி ஆர்.என்.ஏ. கூடியிருந்துச்சு. கண்ணுக்குப் புண்ணு தெரியிறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் முழுக்க மாற ஆரம்பிச்சிருக்கும்னு அர்த்தம். வாய்ப்புற்று வெட்டி எடுத்த பிறகும் பக்கத்துலயே திரும்ப வர்றது ஏன்னு இதை வச்சு ஓரளவு புரிஞ்சுக்கலாம்.

இப்ப சிதம்பரத்துக்கு வருவோம். கடலூர்லேருந்து பரங்கிப்பேட்டை வழியா ரயில்ல போனா ஒரு மணி நேரத்துக்குள்ள அண்ணாமலை நகர். 1929-ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்க 1980-ல பல் மருத்துவக் கல்லூரி வந்துச்சு, 1985-ல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்துச்சு. அந்த மருத்துவக் கல்லூரியை 2021-ல அரசு சுகாதாரத் துறை எடுத்துக்கிட்டு, இன்னிக்கு அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர் கல்லூரி சிதம்பரத்துல இருக்குன்னு வெளியூர்க்காரங்க குழம்புறது உண்டு.

நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரி பத்தி இல்ல, உயிர்வேதியியல் துறை பத்தி. அங்க பேராசிரியர் சித்தவரம் நாகினியோட குழுவும், பேராசிரியர் எஸ். மனோகரனோட குழுவும் பல வருஷமா ஒரு பிராணியை வச்சு வாய்ப்புற்றைப் படிச்சாங்க. பொன்னிற சிரிய ஹாம்ஸ்டர். எலி மாதிரிதான், ஆனா ரெண்டு கன்னத்துலயும் பை இருக்கும். தீனியை அதுல அடக்கி வச்சுக்கும். ஆமா, நம்ம ஆயா மாதிரியேதான்.

இந்தக் கன்னப்பையில புற்றை உண்டாக்கலாம்னு 1954-ல சாலி என்கிற அமெரிக்கப் பல் ஆராய்ச்சியாளர் காட்டினார். முறை இதுதான்: டி.எம்.பி.ஏ. என்கிற ரசாயனத்தை லிக்விட் பாரஃபின்ல அரை சதவீதம் கரைச்சு, பிரஷ்ஷால வாரத்துக்கு மூணு தடவை தடவணும். சிதம்பரத்துல 14 வாரம் தடவினாங்க. அதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா ஹாம்ஸ்டருக்கும் கட்டி வந்துடும். அந்தக் கட்டி நுண்ணோக்கியில மனுஷ வாய்ப்புற்று மாதிரியே இருக்கும், மனுஷப் புற்றுல மாறுற பல புரதங்கள் இதுலயும் மாறும். நம்ம ஏற்பியும் அதுல ஒண்ணு. 1987-லயே டேவிட் வாங் இந்தக் கன்னப்பைக் கட்டிகள்ல அந்த ஏற்பியோட ஜீன் வேலை செய்றதைக் காட்டிட்டார்.

சிதம்பரத்துக் குழுக்கள் தேடினது வேற. புற்று வர்றதைத் தடுக்க நம்ம சாப்பாட்டுல எதாவது இருக்கா? வேப்பிலை, பூண்டு, தக்காளி, மஞ்சளும் மிளகும்னு ஒவ்வொண்ணா சோதிச்சாங்க. 2014-ல நாகினி குழு அஸ்டாசாந்தின் பத்தி எழுதினது எனக்குப் பிடிக்கும். இறாலை வேகவச்சா சிவக்குதே, அந்தச் சிவப்பு நிறமிதான் அஸ்டாசாந்தின். நம்ம ஏற்பி உள்ளே அனுப்புற செய்தி போற வழிகள்ல ஸ்டாட்-3 என்கிற புரதம் முக்கியமானது. ஹாம்ஸ்டர் கட்டியில அந்த வழியை இந்த நிறமி மட்டுப்படுத்துதுன்னு காட்டினாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் கறாரா பேசிடுறேன். இதையெல்லாம் அரைகுறையா கேட்டுட்டு, ‘அப்ப மஞ்சளும் மிளகும் போதும், ஆஸ்பத்திரி எதுக்கு’ன்னு கிளம்புறவங்க நம்ம மாவட்டத்துலயே உண்டு. ஹாம்ஸ்டருக்கு ரசாயனம் தடவும்போது கூடவே கொடுத்துப் பார்த்த தடுப்புச் சோதனைகள்தான் இதுல பெரும்பகுதி. வந்த புற்றை மனுஷனுக்குக் குணப்படுத்தினதா யாரும் அங்க சொல்லல. டி.எம்.பி.ஏ.வும் வெத்தலையும் ஒண்ணு கிடையாது. சாப்பாட்டு மஞ்சள் உடம்புல எவ்வளவு சேருதுங்கிறது இன்னொரு சிக்கல். மிளகைச் சேர்த்ததுக்கே அதுதான் காரணம்: மிளகோட பைப்பரின் இல்லாட்டி மஞ்சளோட குர்குமின் ரத்தத்துல சரியா ஏறாது.

அதே துறை 2007-ல வெளியிட்ட இன்னொரு வேலை அவ்வளவு பேசப்படல. சிதம்பரத்துல வாய்ப்புற்று வந்தவங்களையும் வராதவங்களையும் ஒப்பிட்டு, எதெல்லாம் ஆபத்துன்னு பார்த்த ஆய்வு அது. ஐரோப்பியப் புற்றுநோய்த் தடுப்பு இதழ்ல தலைப்புலயே சிதம்பரம்னு ஊர் பேரோட வந்துச்சு. வெத்தலை மெல்றது, புகை, சாராயம்: தெரிஞ்ச குற்றவாளிகள்தான். ஆனா நம்ம ஊரு ஆட்களை வச்சே எடுத்த கணக்கு. என்னைக் கேட்டா, ஹாம்ஸ்டர் கட்டுரைகள்ல பாதியைவிட இந்த ஒண்ணு நமக்கு முக்கியம்.

சரி, பெல்லு ஓயாம அடிக்குதுன்னு தெரிஞ்சாச்சு. நிறுத்த முடியுமா?

ஜான் மெண்டல்சோனும் கார்டன் சேட்டோவும் கலிஃபோர்னியாவுல 1980 வாக்குல இதைத்தான் யோசிச்சாங்க. வளர்ச்சிக் காரணி உட்கார்ற இடத்துல வேற எதையாவது முன்கூட்டியே உட்கார வச்சுட்டா? 1983-ல அப்படி ஒரு எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைத் தயாரிச்சாங்க. எண் 225. அதோட மனுஷ வடிவம்தான் செடுக்சிமாப். மருந்தா கைக்கு வர இருபது வருஷம் ஆச்சு. 2006-ல பானர் குழுவோட முடிவு வந்தப்போ பெரிய உற்சாகம். 424 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் வாங்கினவங்களோட இடைநிலை ஆயுள் 29.3 மாசம். கதிர்வீச்சோட செடுக்சிமாப் சேர்த்தவங்களுக்கு 49 மாசம். முகத்துல பரு மாதிரி சிவந்து வெடிக்கும், ஏன்னா தோல்லயும் அதே ஏற்பி இருக்கு. பரு அதிகமா வந்தவங்க அதிக நாள் இருந்தாங்கன்னும் தெரிஞ்சுது.

ஆனா அந்த ஆய்வுல சேர்ந்தவங்க யாருன்னு பாருங்க. தொண்டை, குரல்வளை, அதுக்குக் கீழ். வாய்க்குழிப் புற்று அதுல சேர்க்கப்படவே இல்ல. கன்னத்துலயும் ஈறுலயும் புற்று வர்ற நம்ம ஊருக்கு அந்த 49 மாசத்தை அப்படியே எடுத்துக்க முடியாது. விலையும் நம்ம கைக்கு எட்டாது.

இதுல இந்தியா ஒரு குறுக்கு வழி பிடிச்சுது. கியூபாவோட ஹவானாவுல மூலக்கூறு நோயெதிர்ப்பு மையம் இதே ஏற்பிக்கு நிமோடுசுமாப்னு இன்னொரு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்துச்சு. பெங்களூரு பயோகான் நிறுவனம் அதை 2006-ல இந்தியாவுல விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. இதுக்குத் தோல் வெடிப்பு குறைவு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 536 நோயாளிகளை வச்சு, சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் கொடுக்கும்போது இதையும் சேர்த்தா என்ன ஆகும்னு பார்த்து 2019-ல வெளியிட்டாங்க. ரெண்டு வருஷம் நோய் முத்தாம இருந்தவங்க 50.1 சதவீதத்துலேருந்து 61.8 ஆனாங்க. மொத்த ஆயுள்ல மட்டும் உறுதியாச் சொல்ற வித்தியாசம் வரல. இதுலயும் வாய்க்குழியைவிட தொண்டைக்காரங்கதான் அதிகம். வாய்ப்புற்றுக்கு முதல் வைத்தியம் இன்னிக்கும் கத்திதான்.

ஏன் இந்த மருந்துகள் எதிர்பார்த்த அளவு பலிக்கல? பெல்லை அடைச்சா செல்லு பின்வாசலைத் திறக்குது. மெட், ஹெர்-3 மாதிரி பக்கத்து ஏற்பிகள் அதே செய்தியை உள்ளே கொண்டுபோகும். சில கட்டிகள்ல ஹெச்-ராஸ், பி.ஐ.3-கே மாதிரி உள்கம்பியிலேயே கோளாறு. அப்புறம் பெல்லைத் தொட்டு என்ன, தொடாம என்ன? நுரையீரல் புற்றுல இந்த ஏற்பியே மரபு மாற்றத்தால உடைஞ்சிருக்கிற நோயாளிகளுக்கு மாத்திரை பிரமாதமா வேலை செய்யும். வாய்ப்புற்றுல அந்த உடைசல் அபூர்வம். 2013-ல இந்திய விஞ்ஞானிகள் நம்ம ஊரு ஈறு, கன்னப் புற்றுகளோட மரபணுவைப் படிச்சு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ல போட்டாங்க. அதுல முன்னுக்கு வந்தது டி.பி.-53, ஃபேட்-1, காஸ்பேஸ்-8, நாட்ச்-1. நம்ம ஏற்பி இல்ல. ஏற்பி கூடியிருக்கு, ஆனா அது மட்டுமே புற்றோட உயிர்நாடி இல்லைன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும்.

மாத்திரைன்னதும் ஒரு வழக்கு ஞாபகம் வருது. ஏற்பியோட உள்முனை நொதியை அடைக்கிற மாத்திரை எர்லோடினிப். ரோஷ் நிறுவனத்தோட மாத்திரை ஒண்ணு சுமார் 4,800 ரூபா. 2008 ஜனவரியில சிப்லா அதையே சுமார் 1,600 ரூபாய்க்கு இறக்குச்சு. ரோஷ் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. உயிர்காக்கும் மருந்து, மூணுல ஒரு பங்கு விலை, பொதுநலனையும் பார்க்கணும்னு சொல்லி நீதிபதி எஸ். ரவீந்திர பட் அந்த மார்ச்ல இடைக்காலத் தடை தர மறுத்தார். 2015-ல மேல் அமர்வு சிப்லா காப்புரிமையை மீறினதுன்னு சொல்லிச்சு. ஆனா காப்புரிமை 2016 மார்ச்ல முடியப்போறதால விற்பனைக்குத் தடை போடல. இடைப்பட்ட ஏழெட்டு வருஷத்துல விலை கீழ வந்துடுச்சு. அந்த மலிவு இல்லாட்டி நான் அடுத்துச் சொல்லப்போறது நடந்திருக்காது.

அதுக்கு முன்னாடி ஆயாவை முடிச்சிடுறேன். கன்னத்துல முதல்ல வெள்ளையா ஒரு திட்டு. காரம் பட்டா எரியும். வாய்ப்புண்ணுன்னு மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டாங்க. அப்புறம் தடிச்சுது. வாய் சரியாத் திறக்கல. அம்மாவும் பெரியம்மாவும் கூட்டிட்டுப் போனப்போ அந்த டாக்டர் டார்ச்சை அணைச்சுட்டு, “ஏம்மா, இது எத்தன மாசமா இருக்கு?”ன்னார். அம்மா பேசல. ஆயாதான் சொன்னாங்க: “தை பொறந்தப்ப ஆரம்பிச்சுதுங்க, சாமி.” அப்ப ஐப்பசி. கழுத்துல கட்டி இறங்கியிருந்துச்சு. எந்த ஏற்பிக்கு எந்த மருந்துங்கிற பேச்சே அங்க வரல.

அந்த நிலைமையில, திரும்ப வந்த நோயோட, பரவின நோயோட வர்றவங்களுக்குத்தான் டாடாவுல குமார் பிரபாஷ், விஜய் பாட்டீல் குழு வேற மாதிரி யோசிச்சாங்க. வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா மெத்தோட்ரெக்சேட், தினமும் செலிகாக்சிப், தினமும் எர்லோடினிப். எல்லாம் வாயால சாப்பிடுற மாத்திரை, வீட்டுலயே சாப்பிடலாம். இதோட நிவோலுமாப் ஊசியைச் சேர்த்தாங்க. அது வேற ஒரு ஏற்பிக்கான மருந்து: நம்ம நோயெதிர்ப்புச் செல் மேல இருக்கிற பி.டி.-1. புற்று அந்த ஏற்பியை அழுத்தி, காவல்காரனைத் தூங்க வச்சிடும். நிவோலுமாப் அதைத் தடுக்கும். வழக்கமான அளவு ரெண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம், லட்சக்கணக்குல செலவு. இவங்க கொடுத்தது மூணு வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம். 151 நோயாளிகள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினவங்க 16.3 சதவீதம். கூட அந்தத் துளி ஊசியும் போட்டவங்கள்ல 43.4 சதவீதம். 2022-ல முடிவு வந்தப்போ மேல்நாட்டுக்காரங்களே திரும்பிப் பார்த்தாங்க.

இதுல எர்லோடினிப்போட பங்கு எவ்வளவு? அந்த ஆய்வை வச்சு அதைச் சொல்ல முடியாது, ஏன்னா ரெண்டு பிரிவுக்கும் அதே மாத்திரை போச்சு. ஸ்டான்லி கோஹன் எலிக்குட்டி கண்ணு தொறந்ததைப் பார்த்து அறுபது வருஷம் ஆன பிறகும், கன்னப்புற்றுல இந்த ஏற்பியை அடைக்கிறதால யாருக்குப் பலன், யாருக்கு இல்லைன்னு முன்கூட்டியே காட்டுற ஒரு சோதனை வெளிநோயாளிப் பிரிவுல இன்னும் கிடையாது. சிதம்பரம் பல் மருத்துவமனையில இன்னிக்கும் முதல் கேள்வி, “எந்தப் பக்கம் அடக்குவீங்க?”

இந்த வாரம் இவ்வளவுதான். நாய் நக்குறதைப் பத்தி எழுத நினைக்கிறவங்க தாராளமா எழுதுங்க.